குரங்கைப் பார்க்கிற வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

அம்மா, வணக்கம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபது வருடமாக ஷிஃப்ட் பார்க்கிறவர் நீங்கள். பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்டிபிஎம் தேர்வை எழுதப் போகும் மகளோ வனவிலங்குப் பாதுகாப்புதான் படிப்பேன் என்று நிற்கிறாள். "மேம்பாடுதான் எங்களுக்குச் சோறு போட்டது, இவள் அதையே எதிர்த்துக் கொடி பிடிக்கப் போகிறாளா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. 1972இல் அந்தத் தொழிற்பேட்டை வராமல் போயிருந்தால் தீவில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது.

ஆனால் இந்தத் துறையில் சம்பளம் வருவதே மேம்பாடும் காடும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான். கடலைத் தூர்க்கும் பெரிய திட்டம் என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை கொடுத்தாக வேண்டும். சுற்றுச்சூழல் துறையில் பதிந்த ஆலோசகர்கள்தான் அதை எழுதலாம். பினாங்கின் தென்கரையில் கடலைத் தூர்த்து மூன்று தீவு உருவாக்க நினைத்த நம் தென்கடல் தீவுத் திட்டத்தையே பாருங்கள். மீனவர்கள் மேல்முறையீடு செய்து, 2021இல் அந்த அறிக்கைக்குக் கிடைத்த அங்கீகாரம் ரத்தானது. பிறகு புதிய அறிக்கைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது; அதே வருடம் மூன்று தீவு ஒன்றாகச் சுருங்கியது. அறிக்கையை எழுதவும் ஆள் வேண்டும், அதில் ஓட்டை கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. அதை மகளிடம் மறைக்காதீர்கள். அறிக்கைக்குப் பணம் கொடுப்பவர் திட்டத்தை நடத்துபவர். "இங்கே அரிய விலங்கு இருக்கிறது" என்று எழுதினால் அவர் முகம் சுருங்கும். எழுதாமல் விட்டால் ராத்திரி தூக்கம் வராது. எந்தப் பல்கலைக்கழகமும் இதற்குப் பாடம் வைத்து நான் பார்த்ததில்லை.

எப்போதும் சண்டைதான் என்றும் இல்லை. தெலுக் பாஹாங்கில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகள் சாலை கடக்கையில் வண்டியில் அடிபட்டன. 2019இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். சாலையும் இருக்கிறது, குரங்கும் மேலே போகிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க, குரங்கு எந்த மரத்திலிருந்து எந்த மரத்துக்குத் தாவுகிறது என்று மாதக்கணக்கில் குறித்து வைக்கிற பொறுமை வேண்டும்.

பட்டத்தை மட்டும் அகலமாக எடுக்கச் சொல்லுங்கள்: உயிரியல், சுற்றுச்சூழல் அறிவியல், வனவியல், இதில் ஏதாவது. இங்கேயே யுஎஸ்எம் என்னும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. முக்கா ஹெட்டில் அவர்களுக்குக் கடல் ஆய்வு மையமும் உண்டு. கூடவே புள்ளியியலும், கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ் முறையும் கற்கட்டும். பிழையில்லாமல் மலாயில் அறிக்கை எழுதத் தெரிய வேண்டும்; நம் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

சம்பளத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானில் அரசாங்க வேலை நிரந்தரம், ஆனால் இடம் குறைவு. தன்னார்வ அமைப்புகளில் மானியம் தீர்ந்தால் ஒப்பந்தமும் தீரும். ஆலோசனை நிறுவனங்களில் நிலைமை பரவாயில்லை. பொறியியல் படித்த பக்கத்து வீட்டுப் பையனோடு முதல் ஐந்து வருடம் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்.

தேர்வு முடிந்ததும் ஒரு மாதம் குரங்குக் கணக்கெடுப்புக்குத் தொண்டூழியராக அனுப்புங்கள். விடியுமுன் எழ வேண்டும், கொசு கடிக்கும், சில நாள் ஒரு குரங்கும் கண்ணில் படாது. அப்புறமும் இதுதான் என்று நின்றால், அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பம் மூடுவதற்குள் இருவரும் வாருங்கள். உட்கார்ந்து பூர்த்தி செய்வோம்.