நாய்க்குப் புற்றுநோயோடு மூட்டுவாதமும் இருந்தால்: வாசகர் கேள்விகளும் கால்நடை டாக்டர்களின் பதில்களும்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு 11 வயது, எடை 30 கிலோ, மூட்டுவாதமும் உண்டு. லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு பிரெட்னிசோலோன் கொடுக்கிறோம். அளவைக் குறைத்ததிலிருந்து பின்னங்காலை ஊன்றி எழவே திணறுகிறது. நோய் பரவிவிட்டதா? வீட்டில் இருக்கும் மெலாக்சிகாம் கொடுக்கலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: மெலாக்சிகாம் கொடுக்கவே கூடாது. பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டெராய்டு. அதோடு மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் இரைப்பையும் குடலும் புண்ணாகும், ஓட்டையே விழலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற இடையில் ஒரு வாரமாவது விட வேண்டும். ஸ்டெராய்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால் அதை டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கருத்தாலோ அன்றே காட்டுங்கள்.

பரவிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இத்தனை நாள் ஸ்டெராய்டு மூட்டு வீக்கத்தையும் சேர்த்தே அடக்கி வைத்திருந்தது. அளவு குறைந்ததும் பழைய வலி தலைதூக்குகிறது. நாள்பட்ட ஸ்டெராய்டு தொடைச் சதையையும் கரைத்துவிடும். ஆனாலும் தாடைக்குக் கீழே, தோளுக்கு முன்னே, முழங்காலுக்குப் பின்னே தடவிப் பாருங்கள். நெறிகட்டினாற்போலக் கட்டிகள் பெருத்திருந்தால் தாமதிக்கக் கூடாது.

வலிக்கு டாக்டரிடம் கேபாபென்டின் பற்றிக் கேளுங்கள். ஸ்டெராய்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். கிலோவுக்கு 10 மி.கி. என்ற கணக்கில் உங்கள் நாய்க்கு 300 மி.கி. காப்ஸ்யூல் ஒன்று, 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. தொடக்கத்தில் தள்ளாடும், அதிகம் தூங்கும். சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைப்பார்கள். மனிதர்களுக்கான சிரப் வேண்டாம். அதில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு விஷம்.

ஒத்தடம் நல்லதுதான். உங்கள் கை தாங்கும் சூட்டில் பத்து நிமிடம் போதும். ஆனால் முழங்காலுக்குப் பின்னால் கட்டி இருந்தால் அந்த இடத்தில் ஒத்தடமும் வேண்டாம், உருவிவிடவும் வேண்டாம்.

பிரெட்னிசோலோன் தாகத்தைக் கூட்டும். எழ முடியாத நாய் படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும், பாவம், அதன் தப்பில்லை. தண்ணீரைக் குறைக்காதீர்கள். இரவு படுக்கும் முன் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடித்து வெளியே கூட்டிப் போங்கள். டைல்ஸ் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். வெறும் சாக்கு வழுக்கும்.

மூட்டுவலிக்கு எடையைக் குறைக்கச் சொல்வது வழக்கம். இங்கே அது பொருந்தாது, புற்றுநோயே உடம்பை உருக்குகிறது. கேழ்வரகுக் களி மட்டும் போதாது. வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழிக்கறி சேருங்கள். வாரம் ஒருமுறை தீவனக் கடைத் தராசில் எடை பாருங்கள். எடை மாறினால் மருந்தின் அளவும் மாறும்.

கேள்வி: எட்டு வயது ராஜபாளையம் நாய். முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேலே வீங்கியிருக்கிறது. மூட்டுவாத மருந்து கொடுத்தும் நொண்டல் கூடுகிறது.
- வாசகர், ஓசூர்

பதில்: மூட்டில் இல்லாமல் மூட்டுக்குச் சற்று மேலே கெட்டியாக வீங்கினால் எலும்புப் புற்றுநோயோ என்று பார்த்தே ஆக வேண்டும். பெரிய நாய்களுக்கு அது அதிகம் வரும் இடங்களில் இதுவும் ஒன்று. இந்த வாரமே வீங்கிய காலை இரண்டு கோணத்தில் எக்ஸ்ரே எடுங்கள், பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சையும் எடுங்கள். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைவிடப் பெங்களூரு ஹெப்பாள் கல்லூரி பக்கம். அதுவரை மாடிப்படி ஏறவோ குதிக்கவோ விடாதீர்கள், அரித்த எலும்பு சட்டென முறியும். அந்தக் காலையே வெட்டி எடுக்கலாம் என்று டாக்டர் சொன்னால், மற்ற மூன்று கால்களிலும் மூட்டுவாதம் எவ்வளவு என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பின் பாரம் முழுவதும் அவற்றின் மேல்தான் விழும்.

கேள்வி: மடியில் புற்றுக்கட்டி உள்ள 15 கிலோ நாட்டு நாய். ஸ்டெராய்டு இல்லை. மூட்டுவலிக்கு 15 மி.கி. மெலாக்சிகாமில் பாதி தரலாமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: பாதி என்பது ஐந்து நாள் மருந்து! கிலோவுக்கு முதல் நாள் 0.2 மி.கி., பிறகு தினமும் 0.1 மி.கி. என்பதே அளவு. கால்நடைக்கான 1.5 மி.கி./மி.லி. திரவமாக வாங்கினால் முதல் நாள் 2 மி.லி., மறுநாள் முதல் 1 மி.லி., சாப்பிட்ட பிறகு சிரிஞ்சால் அளந்து கொடுக்க வேண்டும். அதற்கு முன் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), கல்லீரல் பரிசோதனை செய்து டாக்டர் சம்மதிக்க வேண்டும். கட்டிக்காக பைராக்சிகாம் கொடுத்துவந்தால் இது வேண்டாம், அதுவும் இதே இன மருந்து. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் இரண்டும் எந்த நாய்க்கும் ஆகாது.