சென்னையிலிருந்து விமானத்தில் லண்டன் போகும்போது ஏன் கூடுதல் நேரம், வரும்போது ஏன் குறைவு?

விமான தூரம் என்றால் உருண்டையான பூமியின் மேல் இரண்டு ஊர்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழி. சென்னை–லண்டனுக்கு அது சுமார் 8,200 கி.மீ. சரி, போகவும் வரவும் தூரம் கிட்டத்தட்ட ஒன்றுதானே? நேரத்தை மாற்றுவது காற்று. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு மாதிரி ஓடுகிறது, குளிர்காலத்தில் மணிக்கு 150 கி.மீ.யைக்கூடத் தாண்டும். லண்டன் நமக்கு மேற்கே இருப்பதால் போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று. தாமிரபரணியில் தண்ணீர் நிறையப் போகும்போது குறுக்குத்துறையில் நீந்தியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: இழுப்போடு போனால் சும்மா மிதந்தாலே போதும், எதிர்த்து வந்தால் அதே இருபது அடிக்கு மூச்சு வாங்கிவிடும்.

பூமி அடியில் சுழல்வதால் ஊர் விமானத்தை நோக்கி வந்துவிடும் என்று பலர் நினைப்பது சரியல்ல, தரையோடு சேர்ந்து காற்றும் விமானமும் ஏற்கெனவே சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.