நானே கட்டிய வால்வு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் இடது பக்கம் மட்டும் கரகரக்கிறது. சால்டரிங் பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்று கேட்கிறேன். புது வால்வுக்கு ஆர்டர் போட்டுவிட்டீர்களா? போட்டிருந்தால் ரத்து செய்யுங்கள். நான் இரண்டு முறை போட்டவன்.

ஆன் செய்ததும் நன்றாகப் பாடுகிறது, கால் மணி நேரம் கழித்து இடது காதில் கரகரக்கிறது, அணைத்து ஆறவிட்டுப் போட்டால் மறுபடி சரியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் போன வருஷத்து ஆடி மாதம் அப்படியே ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. பள்ளிக்கூட விடுமுறைகளில் மன்னார்குடியில் மாமாவின் ரேடியோ கடையில் ஈயம் பிடித்துப் பழகியவன். வால்வு ரேடியோவைத் திறந்து வைத்து, இலங்கை வானொலி தெளிவாக விழுகிறதா என்று பார்த்துத்தான் மாமா மூடுவார். ஆகவே சால்டரிங் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கதையே அதனால் வந்ததுதான்.

என்னுடையது பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு 6டிஜே8 வால்வு போட்டது. ஹெச்டி, அதாவது வால்வுக்குப் போகும் ஹை டென்ஷன் சப்ளை, 180 வோல்ட். கட்டி முடித்து மூன்று வாரம் அருமையாக ஓடியது. அப்புறம் உங்களுக்கு வந்த அதே நோய். உடனே வால்வைத்தான் சந்தேகப்பட்டேன். புதிதாக ஒரு ஜோடி வரவழைத்தேன். அதே கரகர. சோவியத் காலத்து 6என்23பி கிட்டத்தட்ட இதற்குச் சமம் என்பதால் அதிலும் ஒரு ஜோடி வாங்கினேன். அதிலும் கரகர. இடது வால்வை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் போட்டுப் பார்க்கலாமே என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. மாற்றினேன், சத்தம் இடத்தை விட்டு நகரவில்லை. ஐந்து பைசா செலவில்லாத சோதனை. மாமா இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பார்.

நீங்கள் அநேகமாக 12ஏயூ7 வால்வும் ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டும் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) சேர்ந்த கிட்டைக் கட்டியிருப்பீர்கள். அதில் ஒரே வால்வின் இரண்டு பாதிகள்தான் இடதும் வலதும், ஆகவே இந்த மாற்று வித்தை நடக்காது. ஆனால் அளந்து பார்க்கலாம். இரண்டு வால்விலும் நமக்கு வேண்டிய கால்களின் வரிசை ஒன்றுதான்: 1, 6 பிளேட், 2, 7 கிரிட், 3, 8 கேத்தோடு. பாதிக்கு ஒரு செட். கேத்தோடிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களைப் பிளேட் வாங்கிக்கொள்ளும், நடுவில் கிரிட் அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும்.

நான் அளந்தபோது வலது பக்கம் முதல் பாதியின் பிளேட்டில் 90 வோல்ட், அசையாமல் நின்றது. இடதும் ஆரம்பத்தில் 90தான். சூடேறியதும் 140க்குத் தாவி, இறங்கி, மறுபடி தாவியது. பிளேட் வோல்ட் ஏறுகிறது என்றால் வால்வு வழியே கரண்ட் குறைகிறது. கேத்தோடிலிருந்து எர்த் வரை போகும் பாதையில் எங்கேயோ விட்டு விட்டுப் பிடிக்கிறது. மெக்கானிக்குகள் ட்ரை சால்டர் என்பார்களே, அதேதான்.

பாதை தெரிந்தபிறகும் இடம் தெரிய இரண்டு ராத்திரி ஆனது. காய்ந்த மூங்கில் குச்சியால், ஈயம் வைத்த ஒவ்வொரு பற்றாகத் தட்டி எங்கே கரகர கூடுகிறது என்று கேட்க வேண்டும். அதற்கு அமைதி வேண்டும். ஆடி மாதத்தில் அமைதிக்கு எங்கே போவது? தெருமுனைக் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்று என் ஜன்னலைப் பார்த்து ஒரு கூம்பு ஸ்பீக்கர். ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. நேரில் போய்ச் சொன்னேன். விழாக் கமிட்டித் தம்பி ஒருவர் சிரித்துக்கொண்டே, “உங்ககிட்டதான் ஹெட்போன் இருக்கே சார், மாட்டிக்குங்க” என்றார். சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் கூழ் குடித்தவன்தான். ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் அம்மன் கோபித்துக்கொள்வாளா என்ன?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குச்சி கடைசியில் காட்டிக்கொடுத்தது, நான் பெருமையாகப் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியிருந்த எர்த் கம்பியை. எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பம்புசெட் அதிகம், மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒரு கடையில் 16 கேஜ் செப்புக் கம்பி ஒரு முழம் வாங்கி, எல்லா எர்த்தையும் அதில் கொண்டுவந்து சேர்த்திருந்தேன். கொடுக்கும்போதே கடைக்காரர், “எனாமல் இருக்கு சார், சுத்தி வர நல்லா சுரண்டிட்டுப் பத்த வைங்க” என்றார். எனாமல் என்றால் கரண்ட் கடத்தாத வார்னிஷ் பூச்சு. எனக்கே சொல்லித்தருகிறாரா என்று உள்ளுக்குள் கடுப்பு. பிளேடால் சுரண்டத்தான் செய்தேன், மேல்பக்கம் மட்டும்.

பார்வைக்கு அந்தப் பற்று வெள்ளிப் பொட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. மீட்டரை வைத்தால் பீப் அடித்தது. பீப்பை நம்பாதீர்கள், பல மீட்டர்கள் இருபது ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு லென்ஸில் பார்த்தேன். கம்பியின் மேல்பக்கம் ஒரு கோடு மட்டும் ரோஸ் நிறச் செம்பு, மற்றதெல்லாம் பழுப்பு வார்னிஷ். அதன்மேல் ஈயம் சேம்பு இலைத் தண்ணீராக ஒட்டாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது. போதாக்குறைக்கு என் 25 வாட் அயர்னின் சூட்டை அந்தத் தடிக் கம்பி உறிஞ்சிவிட்டது. 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும், ஆனால் கம்பியும் அந்தச் சூட்டுக்கு வரவேண்டும். சுற்றிலும் சுரண்டி, ரெசிஸ்டர் காலை ஒரு சுற்று சுற்றி, 60 வாட்டில் பற்றவைத்தேன். அன்றிலிருந்து தொல்லையில்லை. ஆகவே உங்களிடமும் எர்த் பற்றுகள், வால்வு சாக்கெட் கால்கள், வால்யூம் கன்ட்ரோல் என்ற வரிசையில் பாருங்கள். ஈயம் பிடிப்பதற்காக டப்பா பேஸ்ட் தடவியிருந்தால் ஸ்பிரிட்டால் கழுவுங்கள். சில பேஸ்டில் ஆசிட் இருக்கும். ஐப்பசி ஈரத்தில் அந்தக் கறை கிரிட் பக்கம் கசியத் தொடங்கினால் அது வேறு ஒரு கரகர.

வால்வே பழங்கதை, 50 ரூபாய் ஐசி இதைவிடச் சுத்தமாகப் பாடும் என்று கீழே எழுத வருபவர்களுக்கு: பாடும், ஒத்துக்கொள்கிறேன். கேள்வி அதுவல்ல.

குச்சியால் தட்டும்போது ஹெட்போன் காதில் இருக்க வேண்டாம், மலிவான ஒன்றை மேஜையில் வைத்துக் கேளுங்கள். கை வைப்பதற்கு முன் கெப்பாசிட்டரைக் காலி செய்யுங்கள், அணைத்த பிறகும் அது கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். என்னுடையதில் 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 100 கிலோ ஓம், ஒரு வாட் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கிறது. அணைத்து ஒரு நிமிடத்தில் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிடும். அப்போதும் மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொடுவேன்.

அந்த ரீவைண்டிங் கடைக்காரர் பிறகு ஒருநாள் டீக்கடையில் பார்த்து, “கம்பி நல்லா இருந்துச்சா சார்?” என்றார். நல்லா இருந்துச்சு என்று சொல்லி டீக்குக் காசு கொடுத்தேன். மற்றதைச் சொல்லவில்லை.

நீங்கள் இன்று 1, 6 இரண்டு கால்களிலும் வோல்ட்டை, ஆன் செய்த இரண்டாவது நிமிடம் ஒருமுறை, கரகர வந்தபிறகு ஒருமுறை அளந்து எழுதுங்கள். மீட்டரின் கறுப்பு முனையை முதலிலேயே சேஸிஸில் (எர்த் சேர்ந்த உலோகச் சட்டத்தில்) கவ்வ வைத்துவிட்டு ஒரு கையால் அளக்கவும். இன்னொரு கை சட்டைப்பையில் இருக்கட்டும்.