நீதிபதியைத் திட்டுவது வேறு, தீர்ப்பை விமர்சிப்பது வேறு: வேலூர் வழக்கறிஞர் பதில்கள்

காட்பாடி வாசகர்: தீர்ப்பைக் குறை சொன்னால் அவமதிப்பு வழக்கு வருமா?

வராது. முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது குற்றமில்லை என்று 1971-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே சொல்கிறது. தீர்ப்பைப் படித்துவிட்டுப் பேசுங்கள், அவ்வளவுதான்.

குடியாத்தம் வாசகர்: பட்டா மாற்றம் இழுத்துக்கொண்டே போகிறது.

அதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஆற்காடு வாசகர்: மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்களைத் தடுக்க நீதிபதி யார்?

1976-இல் நெருக்கடி நிலையின்போது, விசாரணையின்றிச் சிறையில் கிடந்தவர்கள், அடைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். முடியும் என்று எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். மறு வருஷமே அவரைத் தாண்டி, பணியில் இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். கன்னா பதவி விலகினார். ஓட்டு வாங்கி வந்த அரசுதான் அதையும் செய்தது.

எங்கள் பக்கம் நடந்ததையும் சொல்கிறேன். ஜாமீன் உத்தரவு ஒரு அரசியல் கட்சிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ராத்திரியே நீதிபதியின் படம், சாதி, பிள்ளை படிக்கும் பள்ளி எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. மறுநாள் காலை பத்தரைக்கு அவர் வழக்கம்போல் வந்து உட்கார்ந்து முதல் வழக்கைக் கூப்பிடச் சொன்னார். மேஜை மேல் கை மட்டும் லேசாக நடுங்கியது. அவர் மேடை போட்டுப் பதில் பேச முடியாது. அவருக்காகப் பேச வேண்டியது வக்கீல்களும் நீங்களும்தான்.

அதே ஆற்காடு வாசகர்: அப்போது தப்பு செய்யும் நீதிபதியை யாருமே கேட்கக் கூடாதா?

கேட்க வேண்டும். தீர்ப்பு தவறென்றால் மேல்முறையீடு. கீழமை நீதிபதி மேல் உயர்நீதிமன்றத்துக்கு நல்லெண்ணத்தோடு எழுதும் புகார் அவமதிப்பே ஆகாது. அதே அவமதிப்புச் சட்டத்தின் 6-ஆவது பிரிவைப் பாருங்கள். உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதிகளை நீக்கும் தீர்மானத்துக்கு மக்களவையில் 100 பேரோ மாநிலங்களவையில் 50 பேரோ கையெழுத்திட வேண்டும். 1993-இல் நீதிபதி வி. ராமசாமி மேல் வந்த தீர்மானம், காங்கிரஸ் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதால் தோற்றது. அங்கே கட்சிக் கணக்கு ஒரு நீதிபதியைக் காப்பாற்றியது. அதுவும் எனக்குச் சம்மதமில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வாசகர்கள்: ஃபார்வர்ட் செய்தால் ஜெயிலா?

மூன்று பேருக்கும் ஒரே பதில். ஆதாரமில்லாமல் ‘காசு வாங்கினார்’ என்று பரப்பினால் ஆறு மாதம் வரை சிறைக்கு இடமுண்டு. தீர்ப்பைப் படிக்காமல் எதையும் அனுப்பாதீர்கள். இதே கேள்வி இன்னொரு முறை வந்தால் பதில் எழுத மாட்டேன்.

திருப்பத்தூர் வாசகர்: தீர்ப்பு எங்கே கிடைக்கும்?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண் போட்டுப் பாருங்கள், காசு கட்ட வேண்டாம்.