குடலும் எச்.ஐ.வி.யும் – கடிதம்

வணக்கம் ஐயா,

எச்.ஐ.வி. முதலில் நாசம் செய்வது குடலைத்தான் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். சிடி4 என்ற நோயெதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கையை ரத்தத்தில்தானே பார்க்கிறார்கள்? குடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மாத்திரை சாப்பிட்டால் அதுவும் சரியாகிவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ரத்தத்தில் பார்ப்பதற்கு முக்கியக் காரணம், அதை எடுப்பது சுலபம். குடல் திசு வேண்டுமென்றால் எண்டோஸ்கோப்பி செய்தாக வேண்டும். ஆனால் உடலின் நிணநீர் செல்களில் (சிடி4-உம் இவற்றில் ஒரு வகை) சுமார் 2 சதவீதம்தான் ரத்தத்தில் ஓடுகிறது, மீதி நிணநீர் முடிச்சுகளிலும் குடல் சுவரிலும் மற்ற திசுக்களிலும் கிடக்கிறது.

அதிலும் குடலில் உள்ள சிடி4 செல்கள் சும்மா இருப்பவை அல்ல. உணவும் பாக்டீரியாவும் ஓயாமல் வந்துபோகும் இடம் என்பதால் அவற்றில் பல ஏற்கெனவே விழித்துக்கொண்ட செல்கள், மேற்பரப்பில் சிசிஆர்5 என்ற ஏற்பியும் தாராளமாக இருக்கும். வைரஸ் உள்ளே நுழைய சிடி4 (இதுவும் ஒரு ஏற்பி, செல்லின் பெயரே இதனால்தான்), சிசிஆர்5 இரண்டும் வேண்டும், விழித்திருக்கும் செல்லில் அது வேகமாகப் பெருகவும் செய்யும். அப்புறம் என்ன? எந்த வழியாகத் தொற்றினாலும் சில வாரங்களில் குடலின் சிடி4 செல்களில் பெரும்பகுதி காலி. 1998-இல் குரங்குகளில் எஸ்.ஐ.வி.யை (எச்.ஐ.வி.க்கு உறவான குரங்கு வைரஸ்) வைத்து இதைக் காட்டினார்கள், 2004-இல் மனிதர்களிலும் உறுதியானது. அதே நேரத்தில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தால் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியிருக்கும், நோயாளியும் காய்ச்சல் வந்து போனது என்று நினைத்துக்கொண்டு நடமாடுவார்.

செத்துப்போகிறவற்றில் டிஎச்17 என்றொரு வகை உண்டு. குடல் சுவரின் உள்பூச்சைப் பழுதுபார்க்கச் சொல்லி உத்தரவு கொடுப்பவை அவைதான். அவை குறைந்தால் சுவர் கசிகிறது, பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன (2006-இல் அளந்தே காட்டினார்கள்), நோயெதிர்ப்பு மண்டலம் வருடக்கணக்கில் அணையாத அழற்சியில் இருக்கிறது. அந்த அழற்சி மேலும் செல்களை விழிக்கவைக்கிறது, அதாவது வைரஸுக்குப் புது இரை.

என் பார்வையில் செல்கள் சாவதைவிட இந்தக் கசிவுதான் பெரிய வில்லன். ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்கபே என்றொரு குரங்கு இருக்கிறது. எஸ்.ஐ.வி. தொற்றினால் அதற்கும் குடலில் சிடி4 செல்கள் குறைகின்றன, ஆனால் டிஎச்17 தப்பிக்கிறது, சுவர் கசிவதில்லை, நாள்பட்ட அழற்சியும் இல்லை. ரத்தத்தில் வைரஸ் ஏராளமாக இருந்தும் பெரும்பாலும் எய்ட்ஸ் வருவதில்லை!

சரி, மாத்திரை. ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. மருந்துச் சிகிச்சை வைரஸ் பெருகுவதை நிறுத்துகிறது, ரத்தத்தில் சிடி4 ஏறுகிறது. குடலில் மீட்சி மெதுவாகத்தான் நடக்கும், பலருக்கு முழுமையாக நடப்பதில்லை, வைரஸ் உறங்கிக் கிடக்கும் செல்களும் அங்கே நிறைய. தாமதிக்கத் தாமதிக்கச் சேதம் கூடும். 2015 முதல் உலக சுகாதார நிறுவனமும் சிடி4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் சரி, கண்டறிந்ததும் சிகிச்சையைத் தொடங்கத்தான் சொல்கிறது. குடல் என்றதும் ப்ரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா) பக்கம் யாராவது ஓடினால் தடுத்து நிறுத்துங்கள், ஏ.ஆர்.டி.க்கு அது மாற்று இல்லை.