பூட்டிய வீட்டு மாடியில் விளைந்த மின்சாரத்துக்குக் கணக்கு எங்கே?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் அமைத்து ஓராண்டு ஆகிறது. நாங்கள் சென்னையில் இருப்பதால் வீடு பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது. கணக்கெடுப்பவர் ‘கதவடைப்பு’ என்று குறித்து, சராசரிக் கணக்கில் பில் போடுகிறார். லைனுக்கு நாங்கள் கொடுத்த யூனிட்டுகள் எதிலும் வரவில்லை. இணைப்பு காலஞ்சென்ற எங்கள் ஐயா பெயரில் இருக்கிறது. நியாயமான தொகை எப்படிக் கிடைக்கும்?

பதில்: ஆச்சி, உங்கள் கேள்வியில் இரண்டு வழக்குகள் கலந்திருக்கின்றன. கொடுத்த யூனிட்டுகள் கணக்கில் ஏறாதது ஒன்று. ஏறிய யூனிட்டுக்கு என்ன விலை என்பது மற்றொன்று. இவற்றுக்குத் தீர்வு வெவ்வேறு இடங்களில் இருப்பதால், ஒரே மனுவில் இரண்டையும் எழுதினால் இரண்டுமே தட்டிக்கழிக்கப்படும்.

முதலாவதில் சட்டம் தெளிவாக உங்கள் பக்கம் நிற்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகள், 2020-இன்படி, மீட்டரை நெருங்க முடியாதபோது அளவையும் தேதியையும் காட்டும் படத்தை நுகர்வோரே பதிவு செய்த கைபேசி வழியாக அனுப்பலாம். ஒரு நிதியாண்டில் இரண்டு தற்காலிக (சராசரிக் கணக்கு) பில்களுக்கு மேல் போடவும் கூடாது. 3 கிலோவாட் அமைப்பு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும் என்பதால், இரண்டு மாதக் கணக்கு ஒன்றில் 700 யூனிட் வரை விடுபட்டிருக்கலாம். ஆகவே இருவழி மீட்டரின் ஏற்றுமதி (லைனுக்குக் கொடுத்தது), இறக்குமதி (லைனிலிருந்து எடுத்தது) அளவுகள் இரண்டையும் படமெடுத்து, இன்வெர்ட்டரின் உற்பத்திப் பதிவோடு சேர்த்து, முதலில் மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும், சரியாகாவிட்டால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 42(5)-இன் கீழ் அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அதன் ஆணையும் பாதகமானால் 30 நாட்களுக்குள் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மின் வழங்கலும் ‘சேவை’ என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

விலையை எந்த மன்றமும் மாற்றாது. அது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரம். நண்பகலில் உங்கள் மாடியில் விளையும் யூனிட் அடுத்த வீதியிலேயே செலவாகிறது. தொலைவிலுள்ள அனல் மின் நிலையத்திலிருந்து வரும் வழியில் நேரும் இழப்பு அதற்கு இல்லை. இரவில் உங்களுக்கு மின்சாரம் தரவும் கம்பிகளைப் பராமரிக்கவும் ஆகும் செலவு உண்மையே என்றாலும், அந்தச் செலவைக் கழித்த பிறகும் மிச்சப்படுத்திய இழப்பின் பயன் சிறு உற்பத்தியாளருக்குச் சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டண ஆணைக்கு முன் ஆணையம் பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்கும்போது, உங்கள் மீட்டர் கணக்கோடு இதை எழுதி அனுப்புங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பெயர் மாற்றம் நடக்க வேண்டும். பதிவேட்டில் உள்ள நுகர்வோரே வரவுக்கு உரியவர் என்பதால், இறந்தவர் பெயரில் இணைப்பு நீடித்தால் எந்தத் தொகையும் சிக்கலில் நிற்கும். வாரிசுச் சான்றுடன் எல்லாப் புள்ளிகளின் (வீட்டில் பங்குள்ள குடும்பங்களின்) சம்மதக் கடிதமும் தேவைப்படும். வரும் படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, பங்காளிகள் கூடும்போது கையெழுத்து வாங்கிவிடுங்கள். மீட்டரை முகப்புத் திண்ணைக்கு மாற்றித் தரக் கோரும் மனுவையும் அன்றே தயார் செய்யுங்கள்.