ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் விழுந்திருக்கிறது. வீடு இறங்குகிறதா?

கேள்வி இதுதான்: கடலூரில் பழைய நஞ்சை மனையில் கட்டிய வீடு. பின்பக்கச் சமையலறை ஜன்னலின் மூலையிலிருந்து மேலே சாய்வாக விரிசல் போகிறது. ஹாலில் தரையும் ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. அடைக்கலாமா?

இப்போதைக்கு அடைக்காதீர்கள். நான் மூன்று தடவை அடைத்துப் பார்த்தவன்.

எங்கள் வீடும் கடலூர்தான், கெடிலம் ஆற்றுக்கு அதிக தூரமில்லாத வயல் மனை. 2009-இல் அப்பா கட்டினார். 2014-இல் பின்பக்கம் ஒரு சமையலறையும் துணி துவைக்கும் இடமும் சேர்த்தோம். சின்ன ரூம்தானே என்று கடைக்கால் இரண்டரை அடிதான் எடுத்தார்கள். பழைய வீட்டுக்கு ஐந்தடி எடுத்தது யாருக்கும் நினைவில்லை. மூன்று வருஷம் கழித்து ஜன்னல் மூலையில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. "புதுசா கட்டினா இறங்கத்தான் செய்யும் தம்பி, ஒண்ணும் ஆகாது" என்று மேஸ்திரி அடைத்துவிட்டுப் போனார். அடுத்த சித்திரையில் அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் அகலமாக, திறந்துகொண்டது. இப்படியே மூன்று தடவை.

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. தரை இறங்குவது வேறு, சுவர் இறங்குவது வேறு. நம் ஊரில் ரோட்டை விட உயரமாக இருக்க வேண்டும் என்று பேஸ்மெண்ட்டை மூன்றடி, நான்கடி தூக்கி, உள்ளே சவுடு மண்ணைக் கொட்டுகிறோம். அரையடிக்கு ஒரு அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கிக்கொண்டே வர வேண்டும். யார் செய்கிறார்கள்? லாரி லாரியாகக் கொட்டி, மேலே தண்ணீர் பாய்ச்சி, "செட் ஆயிடும்" என்று கான்கிரீட் போட்டுவிடுவார்கள். அந்த மண் பல வருஷம் மெதுவாக அமுங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கர்ட்டிங், அதாவது சுவரின் அடியில் ஓடுகிற டைல்ஸ் பட்டை, சுவரோடு ஒட்டி நிற்கும், தரை மட்டும் அதைவிட்டு விலகிக் கீழே போகும். டைல்ஸைத் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி இருந்து, அந்த அறையின் சுவரில் விரிசல் இல்லையென்றால், அஸ்திவாரத்துக்கு ஒன்றுமில்லை. டைல்ஸை எடுத்து, மண்ணைச் சரியாக இறுக்கி, தளம் போட்டால் முடிந்தது. எங்கள் ஹாலிலும் இதே கதைதான், அதற்காக அப்பா தூக்கம் கெட்டது வீண்.

சுவர் விரிசலிலும் பயப்பட வேண்டாதவை நிறைய. பூச்சில் மட்டும் வலை மாதிரி பரவியிருந்தால், பூச்சு காய்ந்து சுருங்கியது. மேல்தளத்துக்குச் சரியாகக் கீழே படுக்கையாக ஒரு கோடு ஓடினால், வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக விழுந்தால், அங்கே கோழிவலை அடிக்காமல் பூசியிருப்பார்கள். கவனிக்க வேண்டியது கதவு, ஜன்னல் மூலையில் தொடங்கி, செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி ஏறி, உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரிகிற விரிசல். அது மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால், பெரும்பாலும் சுவரின் கோடி இறங்குகிறது. கீழே அகலம் என்றால் நடுப்பகுதி தொய்கிறது. ஏடிஎம் கார்டு முக்கால் மில்லிமீட்டர் கனம். அது நுழையாத விரிசலை இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பென்சிலே நுழைகிற அளவு என்றால் இந்தப் பதிலைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். நேற்று மூடிய கதவு இன்று மூடவில்லை, விரிசல் நாளுக்கு நாள் வளர்கிறது என்றால், முதலில் அந்த அறையிலிருந்து வெளியே வந்துவிட்டு அப்புறம் கூப்பிடுங்கள்.

கடலூரில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: நமக்கு சில கிலோமீட்டருக்குள் மூன்று வகை மண். தேவனாம்பட்டினம் பக்கம் கடல் மணல். கேப்பர் மலை பக்கம் ஏறினால் சரளை கலந்த செம்மண். முந்திரி விளைகிற பூமி. நடுவில் கெடிலமும் பெண்ணையாறும் கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும். கேப்பர் மலையில் நாலடி கடைக்காலில் இருபது வீடு கட்டிய மேஸ்திரி, அதே அனுபவத்தைக் களிமண்ணுக்கும் கொண்டுவருவார். களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் சுவரைத் தூக்கி, சித்திரை, வைகாசியில் இறக்கும். மணலில் இந்த மூச்சு வாங்கல் கிடையாது, ஆனால் குழாய் ஒழுகினால் மணல் தண்ணீரோடு நழுவி, அடியில் பொந்து விழும். உங்கள் மண் எது என்று பார்க்க, மூன்றடி ஆழத்தில் ஒரு பிடி எடுத்து ஈரமாக்கிக் கயிறு மாதிரி உருட்டுங்கள். உடையாமல் வளையம் போட முடிந்தால் களி. இது சாயில் டெஸ்டுக்கு மாற்று இல்லை. இன்ஜினியரிடம் பேசும்போது கையில் ஒரு விவரம் இருக்கும், அவ்வளவுதான்.

நான்காவது தடவை அடைப்பதற்குப் பதிலாக ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தேன். அவர் சுவரைவிடத் தரையையும் தோட்டத்தையும்தான் அதிக நேரம் பார்த்தார். விரிசலுக்குக் குறுக்கே, பூச்சைச் சுரண்டி, செங்கல் மேலேயே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை அரால்டைட் வைத்து ஒட்டச் சொன்னார். பக்கத்தில் விரிசலின் இரண்டு கரையிலும் ஒவ்வொரு ஆணி. மாதம் ஒரு தடவை ஆணிகளுக்கு நடுவில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து, தேதியோடு சுவரிலேயே பென்சிலால் எழுத வேண்டும். தை மாதம் ஒட்டினோம். வைகாசியில் ஒரு காலை அம்மா, "டேய், உன் கண்ணாடி ஒடஞ்சிபோச்சுடா" என்று கத்தினார். குறுக்கே சுத்தமாக இரண்டு துண்டு. மழைக்காலத்தில் ஆணி அளவு குறைந்தது, ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை. இன்ஜினியர் அந்தப் பென்சில் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "வெயில்ல தெறந்து மழையில மூடுறது களிமண் வேலை சார். முழுசா மூடலைன்னா வேற ஒண்ணும் இருக்கு. தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க."

டியூப் லெவலும் போட்டுப் பார்த்தோம். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூப்தான், மேஸ்திரி வீட்டில் எல்லாம் இருக்கும். பேஸ்மெண்ட் விளிம்பில் வீட்டைச் சுற்றி வைத்துப் பார்த்ததில், பின்பக்க மூலை 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. கட்டும்போதே மட்டம் சரியில்லாமல் இருந்திருக்கலாம் என்பதால் ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்து மறுபடியும் எடுத்ததில் 25.

அந்த மூலையில் குழி தோண்டினோம். முதல் இரண்டடி கடப்பாறை போட வேண்டிய காய்ந்த மண். மூன்றாவது அடியில் மண்வெட்டி சத்தமே இல்லாமல் உள்ளே போனது. வந்த மண் களி கிண்டிய பதம், மேலே சோப்பு வாசனை. வாஷிங் மெஷின் தண்ணீர் போகிற பிவிசி குழாயில் ஒரு பெண்ட் கழன்றிருந்தது. சோக்பிட் (கழிவுநீர் மண்ணில் ஊறுகிற குழி) வரை போக வேண்டிய தண்ணீர் வருஷக்கணக்காகச் சுவருக்கு அடியிலேயே இறங்கியிருக்கிறது. சோக்பிட்டும் சுவரிலிருந்து மூன்றடியில்தான். ஊர் பூராவும் அப்படித்தான் வைக்கிறோம், மனை அளவு அப்படி.

குழாயை மாற்றினோம். சோக்பிட்டை மனையின் கோடிக்குக் கொண்டுபோனோம். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சாய்வாக, சிமெண்ட் தளம் போட்டோம். மாடித் தண்ணீர்க் குழாயை அதற்கு வெளியே நீட்டினோம். அப்புறம் ஒரு முழு வருஷம், ஒரு கோடை, ஒரு மழை, சும்மா இருந்தோம். அதுதான் கஷ்டமான பகுதி. வருகிற சொந்தக்காரர் எல்லாரும் விரிசலைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார்கள். புதுக் கண்ணாடி உடையவில்லை. அதற்கு மேல்தான் சுவரைத் தொட்டோம். நான்கு வரிசைக்கு ஒரு தடவை செங்கல் இணைப்பைக் கீறி, விரிசலுக்குக் குறுக்கே கம்பி வைத்து, காய்ந்தாலும் சுருங்காத கிரவுட் என்கிற சிமெண்ட் கலவையை நிரப்பினார்கள். பழைய வீடும் புது அறையும் சேருகிற இடத்தை மட்டும் இறுக்கவில்லை. இரண்டு அஸ்திவாரமும் இரண்டு விதமாகத்தான் அசையும் என்று, அங்கே இழுபடுகிற சீலண்ட் வைத்து மேலே ஒரு பட்டையால் மறைத்துவிட்டோம்.

தண்ணீரை நிறுத்திய பிறகும் இறக்கம் தொடர்ந்தால்தான் அண்டர்பின்னிங். பழைய அஸ்திவாரத்துக்கு அடியில் மூன்று, நான்கு அடி நீளத்துக்கு மட்டும் தோண்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகியதும் இடம் விட்டு அடுத்ததைத் தோண்டுவார்கள். ஒரே மூச்சில் சுவர் நீளத்துக்கும் தோண்டலாம் என்று எவராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். ஊசி போடுகிற மாதிரி மண்ணுக்குள் கெமிக்கல் செலுத்துகிற ஆட்களும் வருகிறார்கள். சில இடத்தில் பலன் தரும் முறைதான், ஆனால் கெமிக்கல் விற்பவரிடமே நோயைக் கேட்கக் கூடாது.

மரம் இருக்கிறதா? களிமண்ணில் பெரிய மரம் கோடையில் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்கும் என்பது உண்மை. அதற்காக வேரோடு சாய்த்துவிடாதீர்கள். அத்தனை வருஷம் உறிஞ்சப்பட்ட மண் திரும்ப ஈரம் வாங்கி உப்பி, சுவரை மேலே தள்ளும். இன்ஜினியரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளை கழிக்கலாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதே, அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீரில் பெண்ணையாறு பெருகியதே, அந்த வெள்ளம் உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் பேஸ்மெண்ட் மூலைகளில் மண் அரித்துப் போயிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஓடுகிற தண்ணீர் மூலையைத்தான் முதலில் பிடிக்கும். புதுச்சேரி பழைய டவுன் மாதிரி சுண்ணாம்புக் காரை வீடு என்றால் நான் சொன்ன கம்பி, கிரவுட் எதுவும் வேண்டாம், அதற்குச் சுண்ணாம்பு தெரிந்த ஆள் தேவை.

காப்பீடு பற்றிக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். 2021 ஏப்ரலிலிருந்து வருகிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வீடு நிற்கும் நிலம் தாழ்ந்துபோவதும் சேர்த்தியே. ஆனால் விலக்குகளைப் படியுங்கள்: புதுக் கட்டடம் இயல்பாக இறங்குவது, கொட்டி நிரப்பிய மண் அமுங்குவது, ஆறோ கடலோ அரிப்பது, வேலைக் கோளாறு எல்லாம் வெளியே. வயல் மனைக்காரர்களான நமக்குக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள புரமோட்டரிடம் வாங்கிய வீடு என்றால் நிலைமை பரவாயில்லை. சாவி வாங்கிய தேதியிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையை எழுத்தில் தெரிவித்தால், 30 நாளுக்குள் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் சமையலறைத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது, சோக்பிட் சுவரிலிருந்து எத்தனை அடி, சமையலறை வீட்டோடு சேர்த்துக் கட்டியதா பின்னால் இழுத்ததா என்று எழுதுங்கள். விரிசல் படம் போட்டால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள்.